முதல் சுங்கானைத் துளை பார்த்து வாங்குங்கள்

சுங்கான், அதாவது புகையிலை இட்டுப் புகைக்கும் பைப், வாங்க ஆசைப்படுகிறவர்களில் பலர் படத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். கழுத்து வளைந்திருக்க வேண்டும், மரம் மினுங்க வேண்டும், கிண்ணத்தில் சிங்க முகமோ மண்டையோடோ செதுக்கியிருந்தால் இன்னும் விசேஷம். பார்சல் வந்து ஒரு கிழமைக்குள் அது அலுமாரிக்குள் போய்விடும். இழுத்தால் புகை வராது. வந்தால் நாக்கு எரியும். அடியில் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் போடும். "இது நமக்குச் சரிவராது" என்று முடிவுகட்டி, அந்த மனிதர் பழையபடி சுருட்டுக்கே திரும்பிவிடுவார். கோணலாகத் துளைத்த மரத்துண்டை யார் இழுத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

முதல் சுங்கானுக்கு அழகும் பெயரும் தேவையில்லை. நேரான துளையும் நெருப்பைத் தாங்கும் பொருளும் இருந்தால் போதும். இரண்டும் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கும் நமக்குக் கடையில் போய் நாலைந்தைக் கையில் எடுத்து, இழுத்துப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்யும் வசதி இல்லை. சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் மச்சானிடம் சொல்லிவைத்து, அவர் லீவில் வரும்போது எடுப்பிக்கிறோம். இல்லாவிட்டால் இணையத்தில் வரவழைக்கிறோம். சிலருக்கு அப்பப்பாவின் பெட்டியைக் கிளறும்போது பழையது ஒன்று அகப்படும். வாங்கும் முன் எதைக் கேட்க வேண்டும், கைக்கு வந்தபின் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் இந்த மூன்று வழியும் நல்ல வழிதான்.

தொடங்கும் முன்

இந்தக் கட்டுரை 21 வயதைக் கடந்த, ஏற்கெனவே புகைக்கிறவர்களுக்கு மட்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. புகைக்கும் பழக்கமே இல்லாதவர்கள் சுங்கானை வைத்துத் தொடங்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்து விட்டுவிடுவதே வழக்கம். அதனால் அது ஒன்றும் செய்யாது என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். உதட்டிலும் நாக்கிலும் தொண்டையிலும் புற்றுநோய் வர அந்தப் புகை போதும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. வெற்றிலையோடு பாக்கும் பொயிலையும் சேர்த்துப் போடும் நம் வழக்கம் அதற்குப் பெரிய காரணம். வெற்றிலை வாயோடு புகையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் சுங்கான் யோசனையை விட்டுவிட்டு, போதனா வைத்தியசாலையிலோ பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் இடத்தில் பற்றவைக்கவே வேண்டாம்.

சரி, இனிச் சுங்கானுக்கு வருவோம். புகையிலை இடும் குழி கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி கழுத்து. கழுத்துக்குள் செருகி, பல்லால் பிடிக்கும் துண்டு வாய்த்துண்டு. கிண்ணத்தின் அடியிலிருந்து உதடு வரை ஓடும் வழி புகைத்துளை. கீழே இந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறேன்.

எதனால் செய்தது?

குறைந்த செலவில் முதல் சுங்கான் என்றால் என் தெரிவு சோளப்பொத்தி, அதாவது மணி உதிர்த்த பொத்தியின் நடுத்தண்டைக் குடைந்து செய்தது. சொன்னவுடன் பலருக்கு முகம் சுருங்கும். விளையாட்டுச் சாமான் என்று நினைப்பார்கள். ஆனால் இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வொஷிங்டன் என்ற சிற்றூரில், ஹென்றி டிபி என்ற ஒல்லாந்து மரக்கடைசல்காரர் 1869இல் சோளப்பொத்தியைக் கடைந்து விற்கத் தொடங்கினார். பொத்தியின் வெளிப்புறக் குழிகளைச் சாந்து பூசி நிரப்பும் முறைக்கு 1878இல் காப்புரிமை பெற்றார். மிசூரி மியர்ஷாம் என்ற பெயரில் அந்தக் கம்பனி இன்றும் அதே ஊரில் இயங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெனரல் டக்ளஸ் மக்ஆதரின் படங்களில் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் உயரமான சுங்கானும் சோளப்பொத்திதான்.

அதன் உடம்பு முழுக்க நுண்துளைகள். புகையோடு வரும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மரச் சுங்கானைப் போலப் பல தடவை புகைத்துப் பழக்கியெடுக்க வேண்டியதில்லை. முதல் நாளே அதன் இயல்பான சுவையைத் தரும். எடை மிகக் குறைவு, அதனால் பல்லும் தாடையும் நோகாது. புதிதாகப் பழகுகிறவர் அவசரமாக இழுத்துச் சூடேற்றிக் கருக்கிவிட்டாலும் இழப்பது சில ஆயிரம் ரூபாய்தான். மாரிகாலத்தில் காற்றே ஈரமாக இருக்கும் நம் ஊருக்கு, ஈரத்தை உறிஞ்சும் இந்தக் குணம் தனி உதவி.

குறையும் உண்டு. மலிவான மாதிரிகளில் கழுத்துக் குச்சியின் நுனி கிண்ணத்துக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு அடிவரை இறங்கும்போது அந்த மரநுனி கருகி ஒரு கசப்பு வரும். முதல் சில தடவை கடைசிக் கால்வாசிப் புகையிலையை எரிக்காமல் கொட்டிவிட்டால் அதைத் தவிர்க்கலாம். இன்னொரு வழி, சுங்கான் சாம்பலை ஓரிரு துளி தண்ணீரில் குழைத்து அந்த நுனியைச் சுற்றி அடியில் பூசி, நன்றாகக் காயவிட்டுப் புகைப்பது. பூசும்போது புகைத்துளைக்குள் துப்புரவுத் திரி (பருத்தி சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றைச் செருகி வையுங்கள், வழி அடைபடாது. கன்ட்ரி ஜென்டில்மன் போன்ற சற்றே விலை கூடிய மாதிரிகளில் அடியில் கடின மரத் தக்கை வைத்திருப்பதால் அவை இன்னும் கொஞ்சக் காலம் உழைக்கும்.

படுவான்கரைச் சேனைகளில்தான் சோளம் விளைகிறதே, நாமே ஒன்றைச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சுங்கானுக்கென்று பொத்திக்குள் தடித்த, கடினமான தண்டு வரும் சோள இனத்தைத் தெரிந்து வளர்த்து, நீண்ட காலம் காயவைத்தே எடுக்கிறார்கள். தெருவோரம் அவித்து விற்கும் சோளப்பொத்தியின் தண்டு மெல்லியது. நெருப்பு பட்டால் சீக்கிரமே ஓட்டை விழும்.

அடுத்தது பிரையர். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் எரிகா அர்போரியா என்ற புதர்ச்செடியின் வேர்க்கழுத்தில் ஒரு கட்டி திரளும். அதை வெட்டி, மணிக்கணக்கில் அவித்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகிறார்கள். பிரான்ஸின் செயின்ட் குளோட் நகரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. நெருப்பை நன்றாகத் தாங்கும் மரம், கவனமாக வைத்திருந்தால் தலைமுறை தாண்டும். ஆகவே மரத்தில்தான் வேண்டும் என்றால் பிரையரைக் கேளுங்கள். மலிவான பிரையரில் சிறு குழிகளை மரப்பசையால் அடைத்திருப்பார்கள். நிறம் மாறிய புள்ளியாக வெளியில் தெரியும். ஓரிரு புள்ளி இருந்தால் பரவாயில்லை, கிண்ணத்தின் வாய்விளிம்பில் மட்டும் இருக்கக் கூடாது. பேரிக்காய் மரத்தில் செய்தவையும் மலிவாகக் கிடைக்கும். பிரையர் அளவுக்குத் தாங்காவிட்டாலும் பழகுவதற்குப் போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, இணையத்தில் மிக மலிவாக வரும், என்ன மரமென்று சொல்லாத சுங்கான்களிடம். "இயற்கை மரம்", "உயர்தர மரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் தள்ளிவிடுங்கள். பெரும்பாலும் தடித்த வார்னிஷ் பூசியிருக்கும். சூடு ஏறியதும் அது கொப்பளிக்கும், மணக்கும். சிலவற்றில் கிண்ணத்துக்குள்ளே உலோகச் சட்டி வைத்திருப்பார்கள். அது கொதித்து, புகையும் கொதிக்கும்.

ஊர்த் தச்சரிடம் கொடுத்துக் கடைந்தெடுக்கும் யோசனை பலருக்கு வரும். முதிரையிலும் கருங்காலியிலும் அருமையாகக் கடைவார்கள், கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கதிரைக்கு நல்ல மரம் வாயில் வைத்து எரிக்க நல்ல மரமாகிவிடாது. முதிரைத் தூள் பட்டே தச்சர்களின் தோலில் அரிப்பும் தடிப்பும் வருவதுண்டு. அந்த மரத்துக்குள் நெருப்பை வைத்து உறிஞ்சுவது வேண்டாத வேலை. தச்சரிடம் சுங்கான் வைக்க ஒரு தாங்கி செய்விக்கலாம், அது நல்லது.

மியர்ஷாம் என்பது துருக்கியின் எஸ்கிஷெகிர் பகுதியில் தோண்டியெடுக்கும் வெள்ளைக் கனிமம். புகைக்கப் புகைக்கத் தேன் நிறத்துக்கு வரும், அழகான பொருள். கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தால் முடிந்தது. முதல் சுங்கானாக வேண்டாம். களிமண் சுங்கானும் அப்படித்தான், போதாததற்குக் கையையும் சுடும். பால்கன் என்ற வகையில் கழுத்து அலுமினியம். கிண்ணத்தைத் திருகிக் கழற்றினால் அடியில் சின்னக் குழிவில் ஈரம் தேங்கியிருக்கும், துடைத்துவிட்டு மீண்டும் பூட்டலாம். நம் காலநிலைக்குப் பொருந்தும். பழைய சாமான்களோடு மலிவாக அகப்பட்டால் விடாதீர்கள்.

துளையைப் பார்க்கும் விதம்

விலையை விடவும் பெயரை விடவும் இதுதான் முக்கியம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மச்சான் வெளிநாட்டுக் கடையில் நின்றுகொண்டு வீடியோ அழைப்பில் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை இப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் போன் டோர்ச்சை அடித்துக் கிண்ணத்துக்குள் பார்க்கட்டும். புகைத்துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நடுவில் திறக்க வேண்டும். அடியிலிருந்து மேலே எழும்பித் திறந்திருந்தால் அதற்குக் கீழே உள்ள புகையிலை ஒருநாளும் எரியாது. ஈரமாகத் தேங்கி ஒவ்வொரு தடவையும் புளித்த மணம் தரும். ஒரு பக்கமாக ஒதுங்கித் திறந்திருந்தால் நெருப்பு அந்தப் பக்கச் சுவரையே தின்னும். மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது.

பிறகு துப்புரவுத் திரியை வாய்ப் பக்கத்தால் விடச் சொல்லுங்கள். வாய்த்துண்டைக் கழற்றாமலே அது கிண்ணத்துக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். கழுத்தும் வாய்த்துண்டும் சேரும் இடத்தில் முட்டி நின்றால், இரண்டு துளையும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். அந்த மூலையில் புகை மோதிக் குளிர்ந்து நீராகும். களகளச் சத்தம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. வீட்டில் கிடைத்த பழையதைச் சோதிக்கத் திரி இல்லை என்றால், நேர்ச் சுங்கானுக்கு மெல்லிய தென்னை ஈர்க்கு போதும்.

அப்புறம் வெறும் சுங்கானை வாயில் வைத்து இழுக்கச் சொல்லுங்கள். படுவான்கரைப் பெரியவர் ஒருவர் யாராவது புதுச் சுங்கானைக் காட்டினால் மரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். "முதல்ல வெறுமையா இழு மனே. காத்துச் சும்மா வரணும், சத்தம் வரப்படாது" என்பார். அவ்வளவுதான் சோதனை. விசில் மாதிரி சத்தம் வந்தால் எங்கோ இறுகியிருக்கிறது. துளை ஏறக்குறைய 3.5 முதல் 4 மில்லிமீற்றர் அகலம் இருந்தால் காற்று தாராளமாக வரும்.

அடித் தடிப்பைப் பார்க்க ஒரு நெருப்புக்குச்சி போதும். குச்சியைக் கிண்ணத்தின் அடியில் முட்டும்வரை இறக்கி, விளிம்பு வரும் இடத்தில் பெருவிரல் நகத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியே வெளியே எடுத்துக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குச்சி முடியும் இடத்துக்குக் கீழே இன்னும் 6, 7 மில்லிமீற்றர் மரம் இருக்க வேண்டும். சுவரை இரண்டு விரலால் கிள்ளிச் சுற்றிவந்தால் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பா என்பது தெரிந்துவிடும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் கையைச் சுடும்.

கடைசியாக மணம். கிண்ணத்துக்குள் மூக்கை வைத்தால் மர மணம் வரலாம், ஒன்றும் வராமலும் இருக்கலாம். பெயின்ட் மணம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரையர்ச் சுங்கான்களில் கிண்ணத்துக்குள் கறுப்பாக, மினுக்கமில்லாத ஒரு பூச்சு இருப்பதுண்டு, அது கரிப்பூச்சு, பயமில்லை. பளபளவென்று மினுங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அளவும் வடிவமும்

இதில் குழம்ப ஒன்றுமில்லை. கிண்ணத்தின் உள் அகலம் 19, 20 மில்லிமீற்றர், ஆழம் 35 முதல் 40 மில்லிமீற்றர், மொத்த எடை 45 கிராமுக்குள். நேர்ச் சுங்கானோ, லேசாக வளைந்ததோ எடுங்கள். நன்றாக வளைந்தது வாயில் தொங்க வசதி, பொய்ப்பல் கட்டியவர்களுக்கும் அது சுகம். ஆனால் மலிவு விலையில் வளைந்த கழுத்தை நேர்த்தியாகத் துளைப்பது கடினம், திரியும் இலகுவில் போகாது.

வாய்த்துண்டு எபனைட்டாக இருக்கலாம், அக்ரிலிக்காக இருக்கலாம். எபனைட் கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர், பல்லுக்கு மென்மை. வெயில் பட்டால் பச்சையும் மண்ணிறமுமாக மங்கி, ஒரு கெட்ட சுவை ஏறிவிடும். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் அடிக்கிற வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் அதிக நாள் எடுக்காது. அக்ரிலிக் கொஞ்சம் கடினம், ஆனால் நிறம் மாறாது. கவனிக்க நேரமில்லாதவர்கள் அக்ரிலிக்கையே எடுக்கலாம்.

பில்டர் பற்றி அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள். 6 மில்லிமீற்றர், 9 மில்லிமீற்றர் என்று இரண்டு அளவு பரவலாக உண்டு. பில்டர் தீர்ந்தால் இங்கே தேடி அலைய வேண்டிவரும். ஆகவே பில்டர் இல்லாமலும் புகைக்கக்கூடியதை, அல்லது அந்த இடத்தை நிரப்பும் சிறு குழாய் சேர்ந்து வருவதை எடுங்கள். பில்டர் ஈரத்தைக் கொஞ்சம் பிடிக்கும். நோயைத் தடுக்காது.

பெட்டியில் கிடந்த பழையது

அப்பப்பாவின் சுங்கான் பிரையராக இருந்தால், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதே இல்லாமல் போகலாம். கழுத்தில் வாய்த்துண்டு செருகும் இடத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கிண்ணத்தின் வெளிப்புறத்தில் எங்காவது வட்டமாகக் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே நெருப்பு சுவரைத் தின்று முடித்துவிட்டது. இந்த இரண்டில் எது இருந்தாலும் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் சுத்தம் செய்யத் தொடங்கலாம். உள்ளே படிந்த கரியை மழுங்கிய கத்தியால் மெதுவாகச் சுரண்டி, 1 மில்லிமீற்றர் அளவுக்கு மட்டும் மிச்சம் விடுங்கள். அந்தக் கரிப்படலம் மரத்துக்குக் கவசம். கூடிவிட்டால் சூட்டில் விரிந்து மரத்தையே வெடிக்கவைக்கும். அப்புறம் கிண்ணத்தைப் பஞ்சால் நிரப்பி, வொட்கா போன்ற நிறமற்ற மதுவைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்து, இராத்திரி முழுக்க விடுங்கள். விடியும்போது பஞ்சு மண்ணிறமாக இருக்கும். வெளுப்பாக வரும்வரை மாற்றுங்கள். பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டை இதற்கு எடுக்க வேண்டாம், வாயில் வைக்கிற பொருள். தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. வாய்த்துண்டை மட்டும் தனியாகக் கழற்றிக் கழுவலாம். சுடுதண்ணீர் பட்டால் எபனைட் நிமிர்ந்துவிடும், பச்சைத் தண்ணீர்தான்.

காசுக் கணக்கு

சோளப்பொத்திச் சுங்கான் 10 முதல் 15 டொலருக்குள் அடங்கும். ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 3,000 முதல் 4,500 ரூபாய். எளிய பிரையர் 40 டொலரிலிருந்து தொடங்கும், அதாவது 12,000 ரூபாய். தபாலும் தீர்வையும் தனி. ஆகவே ஆள்வசம் எடுப்பிப்பதே இலாபம். அமெரிக்காவின் டொக்டர் கிராபோ, இத்தாலியின் சாவினெல்லிக் கம்பனி மலிவாகச் செய்யும் ரோசி ஆகிய பெயர்கள் கேட்பதற்கு ஏற்றவை. அயர்லாந்தின் பீற்றர்சன் நல்ல பெயர்தான். முதல் சுங்கானுக்கு அந்த விலை தேவையில்லை.

மொத்தமாக 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால் ஒரு பிரையர் வாங்காமல் இரண்டு சோளப்பொத்திகளையும் ஒரு கட்டு துப்புரவுத் திரியையும் வாங்குங்கள். ஒரு சுங்கான் புகைத்தபின் காய்வதற்கு ஒரு முழு நாளாவது வேண்டும். மாறி மாறி எடுக்க இரண்டு இருந்தால் இரண்டும் நன்றாக இருக்கும்.

துப்புரவுத் திரி பருத்தி சுற்றியதாக இருக்க வேண்டும். புத்தகக் கடைகளில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் நிறநிறமான கம்பித்திரி பார்க்க அதே போல இருக்கும். அது நைலோன், ஈரத்தை உறிஞ்சாது, நாரும் உதிரும். புகையிலையை அமுக்க விசேஷக் கருவி ஒன்றும் வேண்டாம். ஹாட்வெயாரில் தட்டையான தலையுள்ள நாலங்குல ஆணி ஒன்றை வாங்கி, தலையின் ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுங்கள். தலையால் அமுக்கலாம், கூரால் கிளறலாம்.

புகையிலை சுங்கானுக்கென்று வெட்டியதாக இருக்க வேண்டும். சுருட்டைப் பிரித்து நொறுக்கி இட்டால் காரம் தலையைச் சுற்றவைக்கும். மெல்லுவதற்குப் பாணி சேர்த்த பொயிலை எரிக்கவே ஆகாது. பேர்லி என்ற புகையிலை வகை அதிகம் கலந்த மென்மையான கலவை புதியவருக்கு இலகு. வேர்ஜீனியா வகையில் இனிப்புக் கூட என்பதால் வேகமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் டின் சொல்லியனுப்பும் முன், புகையிலைக்குச் சுங்கத்தில் உள்ள கட்டுப்பாட்டை அவர் பார்த்துக்கொள்ளட்டும். இதில் அவரை மாட்டிவிடக் கூடாது.

நம் காற்றில் முதல் தடவை

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் சீனி போட்ட பிளேன்டீ ஒன்றை வைத்துக்கொண்டு உட்காருங்கள். தலை சுற்றினாலோ வியர்த்தாலோ உடனே சுங்கானைக் கீழே வைத்துவிட்டு அதைக் குடியுங்கள்.

புகையிலையை ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்துங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம் கூட. விரலை விட்டதும் மெதுவாக விரிந்தால் சரி. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றோடு மழை பெய்யும் நாட்களில், கடதாசியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே அரை மணி, ஒரு மணி நேரம் காயவிட வேண்டியிருக்கும். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் இதற்கு நேரெதிர். மூடியைத் திறந்து வைத்தால் சருகாகிவிடும், இறுக்கமான போத்தலில் வையுங்கள்.

கிண்ணத்தை மூன்று தடவையாக நிரப்புங்கள். முதல் சிட்டிகையைத் தானாக விழவிட்டு லேசாகத் தொடுங்கள். இரண்டாவதைக் கொஞ்சம் அமுக்குங்கள். மூன்றாவதை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி இன்னும் கொஞ்சம் அமுக்குங்கள். இப்போது பற்றவைக்காமல் இழுத்துப் பாருங்கள். இளநீரை ஸ்ட்ரோவால் உறிஞ்சும்போது வரும் அளவு தடைதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இறுகியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். இந்த இடத்தில் பொறுமைப்பட்டால் மற்றதெல்லாம் இலகு.

மரக் குச்சித் தீப்பெட்டியே நல்லது. மருந்து எரிந்து முடியும்வரை ஒரு கணம் பொறுத்து, சுவாலையை வட்டமாகச் சுற்றிக் காட்டி மெதுவாக இழுங்கள். புகையிலை பொங்கி எழும்பும், அணைந்தும்விடும். ஆணித் தலையால் சமப்படுத்தி மீண்டும் பற்றவையுங்கள். அதன்பிறகு சிறு சிறு உறிஞ்சலாகப் போதும். அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைக்கலாம். கிண்ணத்தைக் கையால் பிடித்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் வைத்துவிட்டு ஆறவிடுங்கள். களகளச் சத்தம் கேட்டால், புகைத்துக்கொண்டிருக்கும்போதே வாய்ப் பக்கத்தால் திரியை விட்டு எடுக்கலாம். நேரான துளையின் பயன் இங்கே கையோடு தெரியும்.

வாவிக்கரையில் நின்று புகைப்பதானால் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காற்று கிண்ணத்துக்குள் புகுந்தால் தானாகவே கொதிக்கும்.

புகைத்து முடித்தபின்

சூடாக இருக்கும்போது வாய்த்துண்டைக் கழற்றாதீர்கள். கழுத்து வெடிக்க அதுவே முதல் காரணம். சாம்பலைக் கொட்டக் கிண்ணத்தைத் தூணிலோ சீமெந்துக் கட்டிலோ தட்டவும் வேண்டாம். ஆணியால் கிளறிக் கையில் கொட்டுங்கள். ஆறியபின் திரியை ஒருமுறை விட்டு எடுத்து, இன்னொரு திரியை மடித்துக் கிண்ணத்தின் உள்ளே துடையுங்கள். சோளப்பொத்திக்கு இவ்வளவு போதும். பிரையரை வாங்கியிருந்தால் முதல் பத்துப் பன்னிரண்டு தடவை கிண்ணத்தை அரைவாசி மட்டும் நிரப்பி, மெதுவாக அடிவரை புகையுங்கள். கரிப்படலம் கீழிருந்தே சீராகப் பிடிக்கும்.

வைக்கும் இடம் நம் ஊரில் தனிக் கவனம் கேட்கும். மாரியில் அலுமாரிக்குள்ளும் லாச்சிக்குள்ளும் செருப்பே பூக்கிறது, சுங்கான் என்னவாகும்! பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். கிண்ணம் கீழே, வாய்த்துண்டு மேலே இருக்கும்படி, வெயில் நேரே படாத காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வையுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரமாகவும் இருக்கட்டும். தச்சரிடம் தாங்கி செய்விக்கச் சொன்னது இதற்காகத்தான். நீண்ட நாள் தொடாமல் விட்ட சோளப்பொத்தியில் பூஞ்சை தெரிந்தால் வீசிவிடுங்கள். பிரையராக இருந்தால் மேலே சொன்ன பஞ்சும் மதுவும் வைத்துச் சுத்தம் செய்து, ஒரு கிழமை முழுவதும் காயவிட்டு, மணம் போய்விட்டதா என்று பார்த்தபின் எடுக்கலாம்.